சிற்றலையை விட்டு முதலில் விலகியவர் யார்: நேயரா, நிலையமா?

அலைத்தேடல்

பன்னாட்டுச் சிற்றலை (ஷார்ட்வேவ்) ஒலிபரப்பு ஏன் தேய்ந்தது என்று யாரைக் கேட்டாலும், இணையம் வந்தது, வானொலி போய்விட்டது என்று ஒரே வரியில் பதில் வருகிறது. நிலையங்கள் ஓய்ந்த தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்தப் பதில் எனக்கு ஒட்டவில்லை. பி.பி.சி. உலக சேவை வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்குமான சிற்றலை ஒலிபரப்பை 2001 ஜூலை 1 அன்று நிறுத்தியது; கைப்பேசியில் வானொலி கேட்கும் பழக்கமே அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. 2004இல் சுவிஸ் பன்னாட்டு வானொலி, 2010இல் சுவீடன் வானொலி, 2012 ஜூன் கடைசி வாரத்தில் கனடா பன்னாட்டு வானொலியும் நெதர்லாந்து வானொலியின் ஆங்கிலப் பிரிவும், 2014 மார்ச் முடிவில் ரஷ்யாவின் குரல், 2017 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலிய வானொலி என்று ஒவ்வொன்றாகச் சிற்றலையிலிருந்து வெளியேறின. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று முடிந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் ஆசிய வானொலியும் 2018 ஜூன் மாதத்தோடு சிற்றலையிலிருந்து விடைபெற்றது.

இவற்றில் எந்த நிலையமும் "எங்களுக்கு நேயர்கள் இல்லை" என்று சொல்லி மூடப்படவில்லை. முதலில் ஒலிபரப்பு நேரம் பாதியாகும். பிறகு மூன்று அலைவரிசைகளில் ஒலித்தது ஒன்றில் மட்டும் ஒலிக்கும். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை அஞ்சலில் அனுப்புவது நின்றுபோகும். இவ்வளவும் நடந்த பிறகு ஒரு கணக்கெடுப்பு வரும், அதில் நேயர் எண்ணிக்கை குறைந்திருக்கும், அந்த எண்ணிக்கையே மூடுவதற்குக் காரணமாகக் காட்டப்படும். நேயர் குறைந்ததால் நிலையம் மூடப்பட்டது என்பதைவிட, நிலையம் சுருங்கச் சுருங்க நேயர் கைவிடப்பட்டார் என்பதே சரி என்று நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

கோபுரநிழல்

ஒலிபரப்பு நிலையங்களில் பொறியியல் பணியில் இருந்தவன் என்ற முறையில் செலவுப் பக்கத்தைச் சொல்கிறேன். கண்டம் தாண்டிக் கேட்க வேண்டிய ஒலிபரப்புக்கு 100, 250, 500 கிலோவாட் திறனுள்ள டிரான்ஸ்மிட்டர்கள் தேவை. சிற்றலையில் வழக்கமான வீச்சுப் பண்பேற்றத்தில் (ஏ.எம்.) ஒலியைச் சுமந்து செல்வது ஊர்தி அலையின் இருபுறமும் உருவாகும் பக்கப்பட்டைகள்தாம். முழு அளவில் பண்பேற்றினாலும் வெளியேறும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு, எந்தச் செய்தியும் இல்லாத ஊர்தி அலைக்கே போய்விடுகிறது. அறிவிப்பாளர் மூச்சு வாங்க நிறுத்தும் அந்த ஒரு நொடியிலும் மின்மானி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதனோடு, கோபுரங்களுக்கு இடையே திரைபோலத் தொங்கும் ஆண்டெனா வரிசைகள், அவற்றுக்கான பெரும் நிலப்பரப்பு, காற்றிலும் உப்பிலும் அரிபடும் கம்பிகளை மாற்றும் ஆட்கள் என்று கணக்கு நீளும்.

பனிப்போர்க் காலத்தில் இந்தச் செலவை யாரும் கேள்வி கேட்கவில்லை. அது வெளியுறவுக் கொள்கையின் செலவாகப் பார்க்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு அந்தப் பாதுகாப்பு விலகியது. பி.பி.சி. உலக சேவைக்கு வெளியுறவுத் துறை அளித்துவந்த மானியம் 2014 ஏப்ரலில் நின்று, உள்நாட்டு உரிமக் கட்டணத்திலிருந்து செலவிட வேண்டிய நிலை வந்ததை நினைவில் கொள்ளுங்கள். உள்நாட்டில் கட்டணம் செலுத்துபவருக்குத் தாம் ஒருபோதும் கேட்க முடியாத ஓர் ஒலிபரப்பின் மின்கட்டணத்தை நியாயப்படுத்துவது எளிதன்று. நிதி குறையும்போது, செய்தியாளர்களை நீக்கினால் எதிர்ப்பு எழும். தொலைவிலுள்ள ஒரு மறு ஒலிபரப்பு நிலையத்தை அணைத்தால் உடனே பெரும் தொகை மிச்சமாகும், குரல் கொடுக்க வேண்டிய நேயரோ வேறு நாட்டில் இருப்பார். இங்கிலாந்தின் ராம்பிஷாம் 2011இலும், சிங்கப்பூரின் கிராஞ்சி 2023இலும் அப்படித்தான் ஓய்ந்தன.

கனடாவின் சாக்வில் நிலையத்தில் 2012இல் ஒலிபரப்பு நின்றது, 2014இல் கோபுரங்கள் வீழ்த்தப்பட்டன. நிறுத்துவது ஒரு நிதியாண்டின் முடிவு. வீழ்த்துவது மாற்ற முடியாத முடிவு. இரண்டுக்கும் இடையில் இரண்டே ஆண்டுகள்.

நேர்வாதி

அலைத்தேடல் அவர்களின் வாதத்தை மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. ஒலிபரப்பின் நோக்கம் மக்களைச் சென்றடைவது. சிற்றலை அதற்கான ஒரு வழி மட்டுமே. 1932இல் பி.பி.சி. பேரரசுச் சேவையைத் தொடங்கியபோது வேறு வழி இருக்கவில்லை. பின்னர் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது, உள்ளூர் பண்பலை நிலையங்கள் வழியே மறு ஒலிபரப்பு வந்தது, இணையம் வந்தது. சத்தம் ஏறி இறங்கும், பக்கத்து நிலையம் மேலே விழும் ஓர் ஒலியைவிடத் தெளிவான ஒலியை மக்கள் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. 2001இல் வட அமெரிக்காவில் அந்த முடிவை எடுத்தபோதே, அங்கு பலரும் பண்பலை வழியாகவும் இணையம் வழியாகவும் கேட்கிறார்கள் என்றுதான் பி.பி.சி. காரணம் சொன்னது.

இன்னொன்றையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சிற்றலையில் ஒலித்தவற்றில் பெரும்பகுதி அரசுகளின் பரப்புரை. மாஸ்கோ வானொலியும் அமெரிக்காவின் குரலும் தீபகற்பங்களையும் தீவுகளையும் தாண்டி நம்மைத் தேடி வந்தது நம்மேல் கொண்ட அன்பினால் அன்று. பரப்புரை வேறு வழியில் செல்கிறது என்பதற்காக நாம் ஏன் துக்கம் காக்க வேண்டும்?

அலைத்தேடல்

பரப்புரை பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் நேயர் ஒரு நிலையத்தை மட்டும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே நிகழ்வை மாஸ்கோ எப்படிச் சொல்கிறது, வாஷிங்டன் எப்படிச் சொல்கிறது, பெய்ஜிங் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஓர் இரவில் குமிழைத் திருப்பியே ஒப்பிட்டவர்கள் நாம். எதை அடுத்துக் கேட்பது என்று நமக்காக வேறொருவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை.

பண்பலை மறு ஒலிபரப்பில்தான் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு. அது உள்ளூர் அரசின் உரிமத்தில் நிற்கிறது. உரிமம் கொடுத்தவர் ஒரு கடிதத்தில் அதை நிறுத்திவிடலாம். 2007இல் மாஸ்கோவில் பி.பி.சி. ரஷ்யச் சேவை தன் கடைசிப் பண்பலைக் கூட்டாளியை இழந்தது. 2014இல் ஓர் ஆவணப்படத்தால் சினமுற்ற ருவாண்டா அரசு, பி.பி.சி.யின் கின்யருவாண்டா மொழி ஒலிபரப்பை நிறுத்திவைத்தது. இணையமும் அப்படியே. 2022 மார்ச்சில் ரஷ்யாவில் பி.பி.சி. இணையதளம் முடக்கப்பட்ட அதே நாட்களில், உக்ரைனுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் நாளுக்கு நான்கு மணி நேரம் 15735, 5875 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஆங்கிலச் செய்தியைத் தொடங்கினார்கள். காலாவதியானது என்று பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த அதே வழிக்குத் தாங்களே திரும்ப வேண்டியிருந்தது.

சிற்றலையையும் தடுக்கலாம், சோவியத் ஒன்றியம் பல பத்தாண்டுகள் தடுத்தது. ஆனால் அதற்கு அதே அலைவரிசையில் ஊருக்கு ஊர் இரைச்சல் எழுப்பும் டிரான்ஸ்மிட்டர்களை இரவும் பகலும் இயக்க வேண்டும். அவ்வளவு செய்தும் நகரத்தை விட்டு வெளியே போனால் ஒலி கேட்டது. அமெரிக்க நிதியில் சோவியத் மக்களுக்காக ஒலித்த லிபர்ட்டி வானொலிக்கு எதிரான இரைச்சல் 1988 நவம்பர் இறுதியில்தான் ஓய்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1991 ஆகஸ்ட் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது, கிரிமியாவின் ஃபோரோசில் வீட்டுக் காவலில் தொலைபேசி துண்டிக்கப்பட்டுக் கிடந்த சோவியத் அதிபர் கோர்பச்சேவ், வெளியே என்ன நடக்கிறது என்பதை வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டே அறிந்துகொண்டார். முன்பு எந்த ஒலிபரப்புகளை அவருடைய அரசு தடுத்ததோ, அவையே அவருக்குக் காதாக இருந்தன.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வானொலிப் பெட்டி வாங்குவதற்கு மட்டுமே பணம் கேட்கும். கேட்பவர் யார், எங்கிருக்கிறார், எவ்வளவு நேரம் கேட்டார் என்பதை யாருக்கும் சொல்லாது.

இரவுநேயர்

விவாதம் அரசுகளின் பக்கமே நிற்கிறது. வானொலிப் பெட்டியின் பக்கம் சற்று வருகிறேன். நிலையங்கள் அப்படியே இருந்திருந்தாலும் பல நகரங்களில் இன்று சிற்றலை கேட்க முடியாது. காரணம் நம் வீடுகள்தாம். கைப்பேசி மின்னேற்றி, எல்.இ.டி. விளக்கு, சூரிய மின்தகட்டோடு வரும் இன்வெர்ட்டர், மின்கம்பி வழியே இணையம் கொண்டுபோகும் கருவி ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுற்று இருக்கிறது. அது எழுப்பும் இரைச்சல் சிற்றலை முழுவதும் பரவுகிறது. வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு மின்கலத்தில் பெட்டியை இயக்கிப் பாருங்கள். 31 மீட்டர் சிற்றலைப் பட்டையில் சீறல் மட்டும் இருந்த இடத்தில் இரண்டு மூன்று நிலையங்கள் எழுந்து வரும். பிறகு ஒவ்வொரு விசையாகப் போட்டுக்கொண்டே வந்தால் எந்தக் கருவி குற்றவாளி என்பது தெரிந்துவிடும். என் வீட்டில் அது மாடிப்படி விளக்கு.

நிலையங்கள் நேயரைக் கைவிட்ட விதத்துக்கும் ஒரு சான்று தருகிறேன். ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்குத் தெரிவிக்கும் வரவேற்பு அறிக்கை எழுதியவர்களுக்கு அதன் முறை தெரியும்: தேதி, சர்வதேச நேரம் (யு.டி.சி.), அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சியின் விவரம், பிறகு சின்போ மதிப்பு. ஒலியின் வலிமை, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், அலைப் பரவலின் தடுமாற்றம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் 1 முதல் 5 வரை எண் கொடுப்போம். 45444 என்று எழுதிவிட்டால் கடல் கடந்திருக்கும் பொறியாளருக்கு இங்கே எப்படிக் கேட்டது என்பது புரிந்துவிடும். அந்த உழைப்புக்குப் பதிலாக, கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பிய க்யூ.எஸ்.எல். வண்ண அட்டைகள் வெறும் நினைவுப் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அறிக்கைகள்தாம் ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்க நிலையத்துக்கு உதவின. அயல்நாட்டு நிலையம் ஒன்றுக்கு நான் அனுப்பிய அறிக்கைக்கு, "அஞ்சல் பிரிவு மூடப்பட்டது, எங்கள் இணையதளத்தில் கருத்துப் பதிவிடவும்" என்ற ஒரு வரி மட்டும் மின்னஞ்சலில் வந்தது. அதற்கு அடுத்த பருவத்தில் அந்த அலைவரிசையே மாறிவிட்டது, அதையும் யாரும் அறிவிக்கவில்லை.

கோபுரநிழல்

இரவுநேயர் சொன்ன "அடுத்த பருவம்" முக்கியமானது. புதியவர்களுக்காகச் சற்று விரிக்கிறேன். சிற்றலை நிலப்பரப்பை ஒட்டிப் போவதில்லை. வானில் ஏறி, பூமிக்கு மேல் ஏறத்தாழ 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டல அடுக்கில் வளைந்து கீழே வருகிறது. ஒரே தாவலில் சுமார் 4000 கிலோமீட்டர் வரை போகலாம். கடலிலோ தரையிலோ பட்டு மீண்டும் தாவலாம். பகலில் கீழடுக்கு ஒன்று உருவாகித் தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும் என்பதால் 15, 17, 21 மெகாஹெர்ட்ஸ் போன்றவை பகலுக்கு, 6, 7, 9 மெகாஹெர்ட்ஸ் இரவுக்கு என்று பிரித்துக்கொள்வோம். கோடையிலும் குளிரிலும் இது மாறுவதால், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் உலகம் முழுவதும் அலைவரிசைப் பட்டியல் மாறும்.

இதற்கு மேல், சூரியனின் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சி இருக்கிறது. சூரியப் புள்ளிகள் மிகுந்த காலத்தில் உயர் அதிர்வெண்கள் உயிர்பெறும். குறைந்த காலத்தில் 21 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வெற்று இரைச்சல்தான். 2008, 2009 ஆண்டுகளின் தாழ்நிலை ஒரு நூற்றாண்டில் மிக ஆழமானவற்றுள் ஒன்று. அதற்குப் பின் வந்த உச்சமும் மெலிந்ததே. பெரிய நிலையங்கள் பல சிற்றலையை விட்டு வெளியேறியது அந்த ஆண்டுகளை ஒட்டித்தான். சிற்றலையின் தரம் குறைந்துவிட்டது என்று அன்று வந்த அறிக்கைகளில் எவ்வளவு பங்கு தொழில்நுட்பத்தின் முதுமை, எவ்வளவு பங்கு சூரியனின் சோம்பல் என்று பிரித்துப் பார்க்க அப்போது யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. நடப்புச் சுழற்சியின் உச்சக் காலம் வந்துவிட்டதென்று 2024இல் அறிவிக்கப்பட்டபோது, உயர் அதிர்வெண்கள் அருமையாகத் திறந்திருந்தன. அவற்றில் ஒலிபரப்பத்தான் ஆளில்லை.

புதுஅலை

நான் இந்தத் துறைக்குப் புதியவன். டி.ஆர்.எம். என்ற எண்ணிமச் சிற்றலை இவற்றையெல்லாம் தீர்த்துவிடும் என்று படித்தேனே, அது என்னவாயிற்று, ஐயா?

கோபுரநிழல்

நல்ல கேள்வி. அதற்கான கூட்டமைப்பு 1998இல் உருவானது, முறையான ஒலிபரப்புகள் 2003இல் தொடங்கின. பண்பலையை ஒத்த தெளிவு, குறைந்த மின்செலவு, கூடவே எழுத்துத் தகவல் என்று தொழில்நுட்பம் உண்மையிலேயே நேர்த்தியானது. ஆனால் வானொலிப் பெட்டிகள் வரவில்லை. ஒலிபரப்பு குறைவு என்று உற்பத்தியாளர் தயங்கினார், பெட்டி இல்லை என்று நிலையம் தயங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் சிற்றலையே சுருங்கிவிட்டது. வந்த சில பெட்டிகளும் விலை மிகுந்தவை, மின்கலத்தை விரைவில் தின்பவை. இன்னொரு குறையும் உண்டு. பழைய முறையில் ஒலி மங்கினாலும் இரைச்சலுக்கு நடுவே சொற்களைப் பிடித்துவிடலாம். எண்ணிம முறையில் ஓர் அளவுக்குக் கீழே போனால் முழு மௌனம்தான்.

நேர்வாதி

பொறியியல் விளக்கங்களுக்கு நன்றி. என் நிலைப்பாடு இன்னும் மாறவில்லை என்பதைப் பணிவோடு சொல்கிறேன். அவசரக் காலத்துக்காக ஒரு வழியைத் திறந்து வைத்திருப்பது வேறு, அதையே அன்றாட வழியாக வைத்திருப்பது வேறு. ஆஸ்திரேலிய வானொலி சிற்றலையை நிறுத்தியபோது ஆண்டுக்கு 19 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டினார்கள். அந்தப் பணத்தில் பலரைச் சென்றடையும் வேறு சேவைகளை நடத்தலாம் என்றால், கேட்பவர் சிலருக்காக அதை மறுப்பது எப்படி நியாயமாகும்? நீங்கள் அனைவரும் நேயர்கள். ஆகவே நேயரின் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறீர்கள்.

அலைத்தேடல்

அந்த எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். பசிபிக் தீவுகளில் புயல் அடிக்கும்போது முதலில் சாய்வது உள்ளூர் கோபுரம், அடுத்து மின்சாரம், அடுத்து இணையம். அந்த மக்களுக்கு 19 இலட்சம் டாலர் என்ற எண்ணுக்கு வேறு பொருள் இருக்கும். ஆஸ்திரேலியா கைவிட்ட அலைவரிசைகளில் சீனப் பன்னாட்டு வானொலி ஒலிக்கத் தொடங்கியதை 2018இல் ஆஸ்திரேலிய ஊடகங்களே செய்தியாக வெளியிட்டன. ஒருவர் காலி செய்த இடம் மற்றொருவருக்குப் பயனற்றதாக இல்லை என்பதை இது காட்டுகிறது. நியூசிலாந்து அதே பகுதிக்கான தன் ஒலிபரப்பை நிறுத்தாமல், 2024இல் புதிய டிரான்ஸ்மிட்டரையே நிறுவியது. ஒரே கடல், ஒரே தொழில்நுட்பம், ஒரே நேயர்கள். இரண்டு அரசுகள் எதிரெதிர் முடிவெடுத்தன. அப்படியானால் முடிவைத் தீர்மானித்தது தொழில்நுட்பமாக இருக்க முடியாது.

எண்ணிக்கை பற்றியும் ஒன்று. சிற்றலையை மிகவும் சார்ந்திருப்பவர்கள் போர் நடக்கும் இடங்களிலும், தணிக்கை கடுமையான நாடுகளிலும், சாலையில்லாத ஊர்களிலும் இருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் அங்கே போய்க் கதவைத் தட்டி, "வெளிநாட்டு வானொலி கேட்கிறீர்களா?" என்று கேட்டால், கேட்பவர்கள்கூட இல்லை என்றுதான் சொல்வார்கள். அந்த "இல்லை"யையும் கூட்டித்தான் நேயர் எண்ணிக்கை வருகிறது.

நேயர்கள் குரல் எழுப்பினால் எதுவும் நடக்காது என்பதும் சரியில்லை. பி.பி.சி. இந்திச் சேவையின் சிற்றலை ஒலிபரப்பை 2011 மார்ச்சில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் பின்வாங்கினார்கள். ஒலிபரப்பு 2020 ஜனவரி 31 வரை நீடித்தது. ஒன்பது ஆண்டுகள் சிறிய காலம் அன்று.

இரவுநேயர்

2025 மார்ச் நடுவில் அமெரிக்காவின் குரலுக்கு நேர்ந்தது அலைத்தேடல் அவர்களின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1942இல் தொடங்கிய நிலையம் அது. நேயர் கணக்கெடுப்பும் இல்லை, தொழில்நுட்ப ஆய்வும் இல்லை. அதிபரின் ஓர் ஆணை வந்தது, ஊழியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள், ஒலி நின்றது. பிறகு சில மொழிகளில் மட்டும் ஓரளவு மீண்டது. வழக்கமாகக் கேட்கும் இடத்தில் குமிழை வைத்தபோது ஊர்தி அலைகூட இல்லை. நேர்வாதி அவர்கள் பரப்புரை என்று சொன்ன நிலையம்தான்; ஆனாலும் அன்றிரவு அங்கே வெறும் காற்று மட்டும் இருந்தது எனக்கு உறுத்தியது.

நேர்வாதி

அது அரசியல் முடிவு என்பதில் எனக்கு மறுப்பில்லை. இணையமே சிற்றலையைக் கொன்றது என்ற ஒற்றைக் காரணத்தை நான் இனி வலியுறுத்தப் போவதுமில்லை. ஆனால் நாளை எல்லா டிரான்ஸ்மிட்டர்களையும் மீண்டும் இயக்கினாலும் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் எத்தனை பேர் என்ற என் கேள்விக்கு இங்கே யாரும் விடை சொல்லவில்லை.

புதுஅலை

நேர்வாதி ஐயாவின் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். சென்ற வாரம் டெக்சன் நிறுவனத்தின் சிறிய வானொலிப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். எதில் தொடங்கட்டும்?

இரவுநேயர்

மாலை இருட்டிய பிறகு 25 மீட்டரில் 11600 முதல் 12100 கிலோஹெர்ட்ஸ் வரையும், இரவு ஏற ஏற 31 மீட்டரில் 9400 முதல் 9900 வரையும், ஐந்து ஐந்து கிலோஹெர்ட்ஸாக நகர்த்துங்கள். சீனப் பன்னாட்டு வானொலியை நீங்கள் தேட வேண்டியதில்லை, அதுவே வந்து நிற்கும். ருமேனியா, தைவான், கொரியா, ஜப்பான், துருக்கி, கியூபா, வத்திக்கான் ஆகியவையும் சில சமய நிலையங்களும் இன்னும் சிற்றலையில் இருக்கின்றன. பெட்டியின் கம்பி ஆண்டெனாவோடு ஐந்தாறு மீட்டர் மின்கம்பியைக் கவ்வி, சன்னலுக்கு வெளியே, வீட்டு மின்இணைப்புகளிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். இடி மின்னல் வரும்போது கழற்றிவிடுங்கள். நேரத்தை எப்போதும் சர்வதேச நேரத்தில் குறித்துவையுங்கள். நீங்கள் கேட்டது இந்த அலைவரிசைதானா என்ற ஐயம் வந்தால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் வானொலி ஏற்பியில் அதே அலைவரிசையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே கேட்காததால் இங்கேயும் கேட்காது என்று மட்டும் முடிவு கட்ட வேண்டாம், தாவல் தூரம் வேறு.

முதல் அறிக்கையை ருமேனியாவுக்கு எழுதுங்கள். சின்போ எண்ணை உயர்த்திப் போடாமல், கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள்.